தேர்தல் முடிவை எப்படி வாசிப்பது: ஒரு கணக்கு ரீச்சரின் சீ.ஆர். கொப்பி

2018 பெப்ரவரி 10, சனிக்கிழமை. இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்த நாள். இரவு எட்டு மணி இருக்கும், எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு கட்டுச் சீனவெடி வெடித்தது. வேலிப்பக்கம் படுத்திருந்த மான்கள் இரண்டு எழும்பி ஓடின. திருகோணமலையில் மாடு நாய் மாதிரி மான்களும் வீதியில் திரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியே போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுத் தம்பி. ஓட்டோ ஓட்டுகிறவன், ஒரு காலத்தில் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்தவன்.

“எங்கட ஆக்கள் வெண்டாச்சு ரீச்சர்!”

போனை வாங்கிப் பார்த்தேன். வட்ஸ்அப்பில் வந்த செய்தி. ஒரு வட்டாரத்தின் முடிவு அது. வட்டாரத்தின் பெயர் மேலே சின்ன எழுத்தில் இருந்தது, “வெற்றி” என்பது மட்டும் பெரிய எழுத்தில். ஒரு வட்டாரத்தை வென்றதற்கு முழுச் சபையையும் பிடித்த மாதிரி வெடி கொளுத்தியிருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வெடித்த வெடியைத் திரும்பப் பொதி செய்யவா முடியும்?

நான் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இடையிடையே தேர்தல் கடமைக்கும் போய் வந்திருக்கிறேன். வீட்டில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது, தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி. 1982இலிருந்து வந்த தேர்தல் முடிவுகளை முதலில் வானொலியிலும், பிறகு தொலைக்காட்சியிலும், இப்போது போனிலும் கேட்டும் பார்த்தும் அதில் எழுதி வருகிறேன். அந்த இரவுக்குப் பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில், முடிவு வந்தால் எந்த ஒழுங்கில் வாசிக்க வேண்டும் என்று தம்பிக்காக எழுதி வைத்தேன். இது அதன் விரிவு.

எந்தத் திருகோணமலை?

முடிவு வந்ததும் வாக்கைப் பார்க்காதீர்கள். தலைப்பைப் பாருங்கள். “திருகோணமலை” என்ற பெயரில் எத்தனை விஷயம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: ஒரு மாவட்டம், ஒரு தேர்தல் தொகுதி, ஒரு மாநகர சபை (2018இல் அது நகரசபை), அதற்குப் பக்கத்தில் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கடை வைத்திருப்பவருக்கு மாநகர சபை. உப்புவெளியில் வீடு உள்ளவருக்குப் பட்டினமும் சூழலும். இன்னும் வடக்கே நிலாவெளிக்குப் போனால் குச்சவெளிப் பிரதேச சபை. ஒரே பஸ்ஸில் போய் வருகிற மூன்று பேருக்கு மூன்று சபை. கிண்ணியாவிலும் இதே கூத்துத்தான், அங்கே நகரசபை ஒன்று, பிரதேச சபை ஒன்று.

மாவட்டத்தில் மொத்தம் 13 சபைகள். மாநகர சபையும் கிண்ணியா நகரசபையும் போக மிச்சம் 11 பிரதேச சபைகள்: பட்டினமும் சூழலும், குச்சவெளி, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய், சேருவில, வெருகல், மொறவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர. கொப்பியில் இந்தப் பதின்மூன்றையும் முதலே கோடு போட்டு எழுதி வைத்துவிட்டால் அரைவாசிக் குழப்பம் போய்விடும். திருகோணமலை, மூதூர், சேருவில என்ற மூன்று தொகுதிகள் ஜனாதிபதித் தேர்தலுக்கும் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் உரியவை. அந்த எல்லைகளையும் சபை எல்லைகளையும் போட்டுக் குழப்பக்கூடாது. “மூதூரில் போன முறை இவ்வளவு வாக்கு எடுத்த கட்சி இந்த முறை இவ்வளவுதான்” என்று யாராவது சொன்னால், போன முறை என்பது தொகுதியா, இந்த முறை என்பது பிரதேச சபையா என்று கேளுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே வாயை மூடிவிடுவார்கள்.

நான்கு எண்கள், மூன்று வீதங்கள்

ஒரு சபையின் முடிவுத் தாளில் கட்சிகளின் வரிசையோடு நான்கு எண்கள் இருக்கும்: பதிவு செய்யப்பட்ட வாக்காளர்கள், அளிக்கப்பட்ட வாக்குகள், நிராகரிக்கப்பட்ட வாக்குகள், செல்லுபடியான வாக்குகள். எது எதற்கு வீதம் என்பதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள்.

ஒரு கற்பனைச் சபையை எடுப்போம். பதிவு செய்தவர்கள் 30,000. வாக்களித்தவர்கள் 20,400. நிராகரிக்கப்பட்டவை 400. செல்லுபடியானவை 20,000. இதில் ஒரு கட்சிக்கு 7,400 வாக்கு. தாளில் அந்தக் கட்சிக்கு நேரே 37 வீதம் என்றுதான் இருக்கும், ஏனென்றால் அது செல்லுபடியான வாக்கில் வீதம். வாக்களிப்பு 68 வீதம் என்பது பதிவு செய்தவர்களில் வீதம். நிராகரிப்பு ஏறக்குறைய 2 வீதம் என்பது அளிக்கப்பட்டதில் வீதம். மூன்றுக்கும் அடியில் வேறு வேறு எண். “நூற்றுக்கு முப்பத்தேழு பேர் எங்களுக்குப் போட்டிருக்கிறார்கள்” என்று மைக்கில் கத்துகிறவர், வீட்டில் இருந்துவிட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தால் நாலில் ஒருவரைத்தான் பிடித்திருக்கிறார்.

நிராகரிக்கப்பட்ட வாக்கை எப்போதும் ஒரு கண் பார்ப்பேன். வென்றவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் நிராகரிக்கப்பட்டதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவேன். மற்றபடி அதில் பெரிய விஷயம் இல்லை.

ஒரே புள்ளடி, இரண்டு வேலை

இனித்தான் நுணுக்கம். இங்கே கொஞ்சம் மெதுவாக வாருங்கள்.

நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி (X அடையாளம்) போட்டு, பிறகு மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குப் போடுகிறோம். உள்ளூராட்சியில் 2018இலிருந்து அது இல்லை. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரே இருக்காது. கட்சியின் பெயர் அல்லது சுயேச்சைக் குழு, சின்னம், அதற்கு நேரே ஒரே ஒரு புள்ளடி. அந்த ஒரு புள்ளடி இரண்டு வேலை செய்கிறது. முதலில் உங்கள் வட்டாரத்தில் யார் வெல்வது என்பதைத் தீர்மானிக்கிறது. பிறகு முழுச் சபையிலும் அந்தக் கட்சிக்கு எத்தனை உறுப்பினர் என்ற கணக்கிலும் சேருகிறது. வட்டாரத்தில் தோற்ற கட்சிக்குப் போட்ட புள்ளடியும் வீணாவதில்லை. 2017இல் திருத்திய சட்டப்படி சபை உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களிலிருந்து, 40 வீதம் கட்சி கொடுக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்து.

சட்டத்தின் வசனத்தை வாசித்தால் தலை சுற்றும். மீன் சந்தைக்கு வாருங்கள். நான் தம்பிக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

சபையில் 20 பேர். 12 வட்டாரம், 8 பட்டியல். நான்கு பேர் போட்டி: பாரைக் கட்சி 7,400 வாக்கு, சூரைக் கட்சி 5,600, விளைமீன் கட்சி 4,300, நெத்தலிச் சுயேச்சைக் குழு 2,700. கூட்டினால் 20,000. உறுப்பினர் தொகையான 20ஆல் வகுத்தால் 1,000. அதாவது ஓர் உறுப்பினருக்கு 1,000 வாக்கு. பாரைக்கு 7 பேர், மிச்சம் 400. சூரைக்கு 5, மிச்சம் 600. விளைமீனுக்கு 4, மிச்சம் 300. நெத்தலிக்கு 2, மிச்சம் 700. இதுவரை 18 பேர். இன்னும் இரண்டு பேர் வேண்டும். மிச்சம் கூடியவர்களுக்கு அது போகும்: நெத்தலிக்கு ஒன்று, சூரைக்கு ஒன்று. கடைசிக் கணக்கு பாரை 7, சூரை 6, விளைமீன் 4, நெத்தலி 3.

இது அவரவர் பங்கு. இந்தப் பங்கிலிருந்து வட்டாரத்தில் வென்றதைக் கழித்தால் வருவது பட்டியல். பாரை 6 வட்டாரம் வென்றது, ஆகவே பட்டியலில் 1. சூரை 5 வட்டாரம், பட்டியலில் 1. விளைமீன் 1 வட்டாரம், பட்டியலில் 3. நெத்தலி ஒரு வட்டாரத்தையும் வெல்லவில்லை, ஆனாலும் பட்டியலில் 3 பேர். சபையின் ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாக்கு எடுத்த சின்ன மீனுக்கு மூன்று கதிரை. “ரீச்சர், இது அநியாயம்” என்றான் தம்பி. அநியாயம் இல்லை, அதுதான் இந்த முறையின் நோக்கமே. ஒரு வட்டாரமும் வெல்லாமல் மூன்று பேர் சபைக்கு வந்துவிட்டார்கள் என்று யாராவது ஆத்திரப்பட்டால், அவர் பார்த்தது வட்டார முடிவை மட்டும் என்று அர்த்தம்.

சரி, பாரை 8 வட்டாரம் வென்றிருந்தால்? பங்கு 7, வென்றது 8. வென்ற வட்டாரத்தைப் பறிக்க முடியாது. பாரைக்குப் பட்டியலில் ஒருவரும் கிடையாது, எட்டுப் பேரும் இருப்பார்கள். மற்றவர்கள் தங்கள் பங்கை எடுத்தால் 8, 6, 4, 3. கூட்டிப் பாருங்கள், 21. இருபது பேர் சபை இருபத்தொரு பேர் சபையாகிவிட்டது. 2018இல் நாடு முழுவதும் பல சபைகளில் உறுப்பினர் தொகை திட்டமிட்டதைவிடக் கூடியது இப்படித்தான். ஆகவே மொத்த உறுப்பினர் எத்தனை என்பதைப் பழைய பத்திரிகையில் பார்த்து எழுதாதீர்கள். முடிவுத் தாளில் ஆசனங்களைக் கூட்டிப் பார்த்தே எழுதுங்கள். பாதி என்பது அந்த எண்ணில் பாதி.

பட்டியலில் யார் போவார்கள் என்பதைக் கட்சியின் செயலாளர் பிறகு தீர்மானிப்பார். பட்டியலில் முதலாவது பெயர் என்பதால் முதலாவது கதிரை என்று ஒன்றும் இல்லை, வட்டாரத்தில் தோற்றவரையே போடவும் இடம் உண்டு. அதனால் முடிவு வந்த இரவிலேயே “நான் உறுப்பினராகிவிட்டேன்” என்று மாலை போடும் பட்டியல்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். உறுப்பினர்களில் 25 வீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதியும் பெரும்பாலும் இந்தப் பட்டியல் வழியாகத்தான் நிறைவேறுகிறது. வட்டாரத்தில் நிறுத்தும்போது பெண்களுக்கு 10 வீதம் என்றும் பட்டியலில் 50 வீதம் என்றும் சட்டம் எழுதியிருக்கிறார்கள். வெல்லக்கூடிய வட்டாரங்களை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். நான் மேலே எதுவும் சேர்க்கவில்லை.

ஒரு வட்டாரத்துக்கு இரண்டு மூன்று உறுப்பினர் உள்ள பல்அங்கத்தவர் வட்டாரங்களும் சில இடங்களில் உண்டு. அங்கே அதிக வாக்கு எடுத்த கட்சியே அந்த வட்டாரத்தின் எல்லா ஆசனத்தையும் எடுக்கும். எண்ணும்போது வட்டாரத்தை எண்ணாமல் ஆசனத்தை எண்ணுங்கள்.

வென்றவர் வேறு, கதிரையில் இருப்பவர் வேறு

மீன் சந்தைக்குத் திரும்புவோம். 20 பேரில் பாரைக்கு 7. முதலிடம். மறுநாள் பத்திரிகையில் “பாரை வசம்” என்று தலைப்பு வரும். ஆனால் சபையை நடத்த 11 பேர் வேண்டும். சூரையும் விளைமீனும் நெத்தலியும் சேர்ந்தால் 13. முதலாவது வந்த பாரை எதிர்க்கட்சி வரிசையில் இருக்கலாம்.

ஒரு கட்சிக்குத் தனியே பாதிக்கு மேல் இருந்தால் வேலை இலகு. அந்தக் கட்சியே முதல்வரையோ தவிசாளரையோ பெயரிடும். இல்லாவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளர் முதல் கூட்டத்தைக் கூட்டுவார். உறுப்பினர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்ய வேண்டும். பகிரங்க வாக்கெடுப்பா இரகசிய வாக்கெடுப்பா என்பதற்கே முதலில் ஒரு வாக்கெடுப்பு நடக்கும். இரகசியம் என்று வந்துவிட்டால் எனக்குக் கணக்குப் போட விருப்பமில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு கூட்டல் கழித்தல் உதவாது. சமமாக வந்தால் திருவுளச் சீட்டு. மாநகர சபையில் முதல்வர், பிரதி முதல்வர். நகரசபையிலும் பிரதேச சபையிலும் தவிசாளர், உப தவிசாளர்.

2025இல் வாக்களிப்பு மே 6ஆம் திகதி. சபைகளின் காலம் தொடங்கியது யூன் 2. அந்த நாலு வாரத்துக்குள் நடந்த தேநீர்கள், பேச்சுவார்த்தைகள், கோபங்கள் எல்லாம் எந்த முடிவுத் தாளிலும் இருக்காது. கொப்பியில் ஒவ்வொரு சபைக்கும் கீழே இரண்டு வரி வெறுமையாக விடுங்கள். அது முதல் கூட்டத்துக்கு.

கொப்பியில் வெறுமையான பக்கம் இன்னும் உண்டு. “2023 மார்ச் 9” என்று தலைப்புப் போட்ட பக்கம் முழுக்க வெள்ளை. வேட்புமனு எடுத்து, திகதி குறித்து, பணம் இல்லை என்று தள்ளிப்போன தேர்தல் அது. அதை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பக்கத்தில் இந்த ஒரு வரியை மட்டும் எழுதி விட்டிருக்கிறேன்.

மாகாண சபை: போனஸைக் கழித்துவிட்டுப் பாருங்கள்

மாகாண சபைத் தேர்தல் முடிவை வாசிப்பது வேறு கலை. கிழக்கில் கடைசியாக நடந்தது 2012 செப்டெம்பர் 8. அந்த முடிவு எனக்கு மனப்பாடம், ஏனென்றால் வகுப்பில் வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 200,044 வாக்கு, 14 ஆசனம். இலங்கைத் தமிழரசுக் கட்சி 193,827 வாக்கு, 11 ஆசனம். முஸ்லிம் காங்கிரஸ் 132,917 வாக்கு, 7 ஆசனம். ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1. மொத்தம் 37.

முதல் இரண்டுக்கும் இடையில் வாக்கு வித்தியாசம் 6,217. ஆசன வித்தியாசம் 3. எப்படி? மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14, திருகோணமலைக்கு 10 என்று மாவட்டங்களுக்கு 35 ஆசனம். மிச்சம் 2 போனஸ், மாகாணத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு. போனஸைக் கழித்தால் 12க்கு 11. ஒரே ஓர் ஆசனம். ஆனால் 37இல் பாதி தாண்ட 19 வேண்டும். 14ம் போதாது, 11ம் போதாது. மூன்றாவதாக வந்த 7 எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் ஆட்சி. 14உம் 7உம் சேர்ந்து 21 ஆனது. முதலமைச்சரானவர் நஜீப் ஏ. மஜீத். 2015இல் அதே சபையில், ஒரு வாக்குச்சீட்டும் அச்சடிக்காமல், முதலமைச்சர் மாறினார். அதைத் தேர்தல் இரவு முடிவில் தேடினால் கிடைக்காது.

நாடாளுமன்றத்திலும் போனஸ் உண்டு, ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று. திருகோணமலை மாவட்டத்துக்கு 4 உறுப்பினர். 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு 2, ஐக்கிய மக்கள் சக்திக்கு 1, தமிழரசுக் கட்சிக்கு 1. அந்த இரண்டில் ஒன்று போனஸ். நாலே நாலு ஆசனம் உள்ள மாவட்டத்தில் ஒரு போனஸ் என்பது நாலில் ஒரு பங்கு. உள்ளூராட்சியில் இப்போது போனஸ் கிடையாது.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அந்த மாதமே தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் தோற்றது, கதை அங்கேயே நின்றுவிட்டது. மாகாண சபைக் கட்டடம் எங்கள் ஊரில்தான். அந்த வழியால் போகும்போதெல்லாம் 37 கதிரைகளையும் யார் தூசி தட்டுகிறார்கள் என்று யோசிப்பேன்.

ஆமா, இல்லையா

கட்சி இல்லாமல், ஆள் இல்லாமல், ஒரு கேள்விக்கு மட்டும் வாக்குப் போடுவது சர்வசன வாக்கெடுப்பு. இலங்கையில் நாடு முழுவதும் நடந்தது ஒன்றே ஒன்று, 1982 டிசெம்பர் 22. 1977இல் தெரிவான நாடாளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமல் 1989 ஓகஸ்ட் வரை நீடிப்பதா என்பது கேள்வி. ஆமா என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். எனக்கு அப்போது இருபது வயது. எதற்குப் போட்டேன் என்பது என்னோடு. விளக்குக்கு 3,141,223, குடத்துக்கு 2,605,983. விளக்கு 54.66 வீதம்.

இப்படியான முடிவை வாசிக்கும்போது ஆமா எத்தனை வீதம் என்பதோடு நிற்கக்கூடாது. ஜெயிக்க எவ்வளவு வேண்டும் என்று விதி சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் அரசியலமைப்பில் செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும். அதோடு இன்னொரு வாசகமும் உண்டு: செல்லுபடியான வாக்குகள் பதிவு செய்த வாக்காளர்களில் மூன்றில் இரண்டைத் தாண்டாவிட்டால், பதிவு செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது ஆமா சொல்லியிருக்க வேண்டும். ஆட்கள் வராமல் விட்ட வாக்கெடுப்பில் கொஞ்சப் பேர் எல்லாரையும் கட்டிப்போடாமல் இருக்க அந்தப் பூட்டு. 1982இல் பூட்டுக்கு வேலை வரவில்லை, 70 வீதத்துக்கு மேல் வாக்குப் போட்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு வாக்கெடுப்பும் இருந்தது, தாளில் மட்டும். 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்தின்படி வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒன்றாகின. 1988 முடிவதற்குள் கிழக்கில் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, சேர்ந்திருப்பதா பிரிவதா என்று கேட்பதாக இருந்தது. வருடாவருடம் தள்ளிப்போட்டார்கள். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது, 2007 தொடங்க மாகாணங்கள் பிரிந்தன. கேள்வி கடைசி வரை எங்களிடம் வரவேயில்லை. கொப்பியில் அதற்கு நான் பக்கம் ஒதுக்கவும் இல்லை.

கலிபோர்னியாவிலிருந்து வந்த புத்தகம்

என் தங்கையின் மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். 2024 நவம்பர் 5ஆம் திகதித் தேர்தலுக்கு முதல் ஒருநாள் வீடியோவில் ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டினாள். “பெரியம்மா, இது முழுக்க வாசித்துத்தான் வாக்குப் போட வேணுமாம்.” ஜனாதிபதி, காங்கிரஸ் எல்லாம் போக, மாநில மட்டத்தில் மட்டும் 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆமா அல்லது இல்லை. அதற்கு மேல் அவளுடைய ஊருக்கென்று தனியாகச் சில. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் திருகோணமலையில் ஏராளம். இந்த முடிவுகளும் வட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன. வாசிக்கத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலாவது, பாதி தாண்டினால் வெற்றி என்று எழுதாதீர்கள். அந்த வருடம் புளோரிடாவில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் கேள்விக்கு ஏறக்குறைய 56 வீதம் ஆமா. தோல்வி. அங்கே மாநில அரசியலமைப்பைத் திருத்த 60 வீதம் வேண்டும். கலிபோர்னியாவில் ஊர்ச் சபைகள் கடன் பத்திரம் வெளியிடப் பொதுவாக மூன்றில் இரண்டு வேண்டும். அதை 55 வீதமாகக் குறைப்போமா என்று கேட்ட 5ஆம் இலக்கக் கேள்வியும் அந்தப் பத்தில் ஒன்று, மக்கள் இல்லை என்றுவிட்டார்கள். சில களவு, போதைப்பொருள் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் 36ஆம் இலக்கக் கேள்வி மூன்றில் இரண்டுக்கு மேல் எடுத்து வென்றது.

இரண்டாவது, “இல்லை” என்றால் எது இல்லை என்று பாருங்கள். சில கேள்விகளில் ஆமா போட்டால் இருக்கும் சட்டம் நீங்கும். படிப்பித்த காலத்தில் “பின்வருவனவற்றுள் பிழையல்லாதது எது” என்று கேள்வி போட்டால் நல்ல பிள்ளைகளும் பிழை விடுவார்கள், அதே சங்கதி.

மூன்றாவது, அவசரப்படாதீர்கள். எங்கள் உள்ளூராட்சித் தேர்தலில் நாலு மணிக்கு வாக்களிப்பு முடிந்ததும் அங்கேயே எண்ணத் தொடங்கி, விடிவதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அவளுடைய மாநிலத்தில் தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்த சீட்டு ஏழு நாள் பிந்தி வந்தாலும் எண்ணுவார்கள். முதல் இரவில் முன்னால் நின்றது இரண்டு கிழமையில் பின்னால் போகலாம். அதில் களவு ஒன்றும் இல்லை, எண்ணி முடியவில்லை அவ்வளவுதான்.

இரவில் செய்ய வேண்டியவை

பேனை வேண்டாம், பென்சில். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நேரத்தையும் எங்கே பார்த்தது என்பதையும் எழுதுங்கள். வட்ஸ்அப் என்றால் ‘வ’, தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளம் என்றால் ‘ஆ’. ‘ஆ’ வந்தபிறகு ‘வ’வை அழியுங்கள். கட்சிகளின் வாக்கைக் கூட்டினால் செல்லுபடியான வாக்கு வர வேண்டும், வராவிட்டால் அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். இந்த ஒரு கூட்டலைச் செய்தாலே போலிச் செய்தியில் பாதி பிடிபடும். கட்டுகிறவர்கள் வெற்றி எண்ணைக் கவனமாகக் கட்டுவார்கள், கீழே மொத்தத்தைக் கட்ட மறந்துவிடுவார்கள்.

2025 மே 6 இரவும் தம்பி வந்தான். ஏழு வருடத்தில் தொந்தி வைத்திருந்தது, கையில் பொலித்தீன் பையில் சீனவெடி. படலைக்கு வெளியே நின்றபடி கேட்டான்.

“ரீச்சர், கொளுத்தலாமோ?”

“மொத்தம் எத்தனை பேராம்?”

போனைத் தடவினான். விரலால் எண்ணினான். ஓட்டோவின் முன் சீற்றில் ஏறி இருந்து, பெற்றோல் கணக்கு எழுதும் துண்டுக் கடதாசியில் கூட்டத் தொடங்கினான். நான் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தபோதும் கூட்டிக்கொண்டுதான் இருந்தான். வெடிப் பையை எங்கள் படலைக் கொழுவியில் மாட்டிவிட்டிருந்தான்.